பிஞ்சு மூச்சும் பாட்டாளி கையும்

நள்ளிரவு. ஊர் உறங்குகிறது. ஒரு வண்டி மட்டும் சங்கொலி எழுப்பிக் கொண்டு ஓடுகிறது. உள்ளே ஒரு குழந்தை. இரண்டு வயது இருக்கலாம். உதடு நீலம் பாரித்துவிட்டது. நெஞ்சு எழவில்லை. தாய் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள். தகப்பன் பேச்சற்றுக் கிடக்கிறான். மருத்துவமனையோ இன்னும் ஐந்து கிலோமீட்டர்!

அந்த வண்டிக்குள்ளே பேராசிரியர் இல்லை. பட்டங்கள் பல பெற்ற நிபுணர் இல்லை. இருப்பவர் ஒரே ஒருவர்: மாதச் சம்பளத்துக்கு உழைக்கும் மருத்துவ உதவியாளர். முன்னே அமர்ந்து வண்டியைச் செலுத்துபவர் இன்னொருவர். அவரும் உழைப்பாளியே. அந்தப் பிஞ்சு உயிர் இப்போது அந்த ஏழை உழைப்பாளியின் பத்து விரல்களுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

அந்த விரல்களுக்கு நாடு என்ன கற்றுக் கொடுத்தது? என்ன கருவி கொடுத்தது? எத்தனை மணி நேரம் ஓய்வு கொடுத்தது? இந்த மூன்று கேள்விகளைக் கேட்கவே இன்று எழுதுகிறோம்.

"அரசியல் ஏட்டுக்கு மருத்துவத்தில் என்ன வேலை?" என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். வேலை உண்டு! பணம் படைத்தவன் வீட்டுக் குழந்தைக்கு மூச்சு முட்டினால் வாசலிலே கார் நிற்கிறது; தெரிந்த மருத்துவர் தொலைபேசியிலே கிடைக்கிறார். குடிசை வீட்டுக் குழந்தைக்கு முதலில் வரும் மருத்துவம், பல வேளைகளில் ஒரே மருத்துவம், அந்த வண்டிதான். ஏழைக்கு எது முதலும் முடிவுமாக இருக்கிறதோ அதைப் பற்றிப் பேசாத அரசியல், அரசியலே அல்ல என்பது நம் கருத்து.

முதலில் குழந்தையின் மூச்சைப் பற்றிச் சில செய்திகள். தோழர்கள் பொறுமையோடு படிக்க வேண்டுகிறோம். குழந்தை என்பது சின்ன அளவில் செய்யப்பட்ட பெரிய மனிதன் அல்ல. பெரியவருக்குப் பெரும்பாலும் இதயம் முதலில் நிற்கிறது. மூச்சு பின்னர் ஓய்கிறது. குழந்தைக்குப் பெரும்பாலும் மூச்சு முதலில் திணறுகிறது. பிறகுதான் இதயம் தளர்ந்து நிற்கிறது. ஆகவே மூச்சைப் பிடித்து நிறுத்தினால் இதயத்தையும் பிடித்து நிறுத்தலாம். நேரத்தோடு மூச்சு கொடுத்தால், இதயம் நிற்கும் நிலைக்கே குழந்தையைப் போகவிடாமல் தடுக்கலாம்.

குழந்தையின் தலை உடலை நோக்கப் பெரியது. மல்லாக்கப் படுக்க வைத்தால் பின்தலை தூக்கிக் கொண்டு, கழுத்து முன்னே மடங்கி, மூச்சு வழி தானாகவே அடைபடும். தோளுக்கடியில் ஒரு துண்டை மடித்து வைத்தால் போதும், வழி திறக்கும். விலை என்ன? ஒரு துண்டு! ஆனால் தெரிந்திருக்க வேண்டும். குழந்தையின் நாக்கு வாயளவுக்குப் பெரியது. நினைவிழந்தால் பின்னே சரிந்து தொண்டையை மூடும். தாடையை முன்னே தூக்கினால் நாக்கும் கூடவே எழும்.

ஆலையிலே குழாய் பொருத்தும் தோழருக்கு நாம் சொல்லித் தரத் தேவையில்லை, குழாய் சிறுத்தால் ஓட்டம் எப்படிக் குறையும் என்று. பச்சைக் குழந்தையின் மூச்சுக்குழல் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் அகலம். சளியாலோ வீக்கத்தாலோ சுற்றிலும் 1 மில்லிமீட்டர் தடித்துவிட்டால் அகலம் பாதியாகிறது. காற்றுப் போகும் பரப்பு காலே அரைக்கால் அல்ல, வெறும் கால் பங்காகிறது. காற்றுக்கு ஏற்படும் தடையோ கணக்குப்படி 16 மடங்கு ஏறுகிறது. அதே 1 மில்லிமீட்டர் வீக்கம் பெரியவருக்கு வந்தால், தொண்டையைக் கனைத்துக் கொண்டு வேலைக்குப் போய்விடுவார்! போதாக்குறைக்கு, எடைக்கு எடை பார்த்தால் குழந்தை பெரியவரைப் போல ஏறத்தாழ இரு மடங்கு ஆக்சிஜனைச் செலவிடுகிறது. சேமிப்புக் குறைவு, செலவு அதிகம். ஏழை வீட்டுக் கணக்குப் போலத்தான்! வரவு நின்ற சில நொடிகளில் இருப்புக் கரைந்துவிடுகிறது. நான்கைந்து நிமிடம் ஆக்சிஜன் போகாவிட்டால் மூளை கெடத் தொடங்குகிறது.

"ஆயுசு அவ்வளவுதான்", "தலையெழுத்து", "காத்து கருப்பு அடித்துவிட்டது" என்று சொல்லி எத்தனை குழந்தைகளைப் புதைத்திருக்கிறோம்! அவற்றிலே எத்தனை, நாக்கு பின்னே சரிந்த சாவு? எத்தனை, வேர்க்கடலையோ புளியங்கொட்டையோ தொண்டையில் சிக்கிய சாவு? எத்தனை, குளத்திலிருந்து எடுத்தபின் தலைகீழாய்ச் சுற்றி நேரத்தைப் பாழாக்கிய சாவு? தலையில் எழுதியவன் எவனும் இல்லை. கழுத்து மடங்கியிருந்தது, நிமிர்த்தத் தெரிந்த கை அங்கே இல்லை. அவ்வளவுதான்!

அந்தக் கை எப்படி உலகில் உருவாயிற்று? அந்த வரலாறு பாட்டாளிகள் அறிய வேண்டிய வரலாறு.

1952ஆம் ஆண்டு டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரிலே இளம்பிள்ளை வாதம் கொள்ளை நோயாகப் பரவிற்று. மூச்சுத் தசைகள் செயலிழந்து குழந்தைகள் சாரி சாரியாக மாண்டனர். மூச்சு விடச் செய்யும் இயந்திரங்களோ விரல்விட்டு எண்ணும் அளவே. பியோர்ன் இப்சன் என்ற மருத்துவர் ஒரு வழி சொன்னார். 12 வயதுச் சிறுமி ஒருத்திக்குக் கழுத்திலே துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்றுக் கொடுத்தார். சிறுமி பிழைத்தாள். அதன்பின் ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, இரவு பகலாக, வாரக் கணக்கில், மாதக் கணக்கில், கையாலேயே பையை அழுத்தி நோயாளிகளுக்கு மூச்சுக் கொடுத்தார்கள். இயந்திரம் இல்லாத இடத்திலே மனிதக் கை இயந்திரமாயிற்று! இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அங்கேதான் கால்கோள் இடப்பட்டது.

நான்கே ஆண்டுகள் கழித்து, 1956இல், அதே டென்மார்க்கில் ஹோல்கர் ஹெஸ்ஸே என்பவரும் ஹென்னிங் ரூபன் என்ற மயக்க மருந்து நிபுணரும், அழுத்தினால் காற்றைத் தள்ளி, விட்டால் தானே உப்பிக் கொள்ளும் பையைச் செய்து முடித்தார்கள். இன்று நம் மருத்துவமனைகளில் "ஆம்பு பேக்" என்று அழைக்கிறோமே, அதுதான். மின்சாரம் வேண்டாம், ஆக்சிஜன் உருளை தீர்ந்துபோனாலும் வெறும் காற்றைக் கொண்டே வேலை செய்யும். எளிய கருவி; ஏழைக்கேற்ற கருவி.

கருவி வந்தது. அதைத் தெருவுக்கு எடுத்துச் சென்ற கை எது? அங்கேதான் கதை நம் நெஞ்சுக்கு நெருக்கமாகிறது.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரம். நோயாளியைத் தூக்கிச் செல்வது அந்நாளில் அங்கே காவல்துறை வேலை. போலீஸ் வண்டியின் பின்புறத்தில் கிடத்தி, கதவைச் சாத்தி, மருத்துவமனையில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். வழியிலே மூச்சு இருக்கிறதா என்று பார்க்க ஆள் கிடையாது. அந்த ஊரிலே பீட்டர் சாஃபர் என்றொரு மருத்துவர் இருந்தார். வாயோடு வாய் வைத்து ஊதி உயிர் காக்கலாம் என்பதை 1950களில் ஆராய்ந்து நிலைநாட்டியவர்களில் முதல் வரிசையில் நின்றவர் அவர். மூச்சு வழி, மூச்சு, இரத்த ஓட்டம் என்று உயிர்காப்புக்கு வரிசை வகுத்துத் தந்தவர். அத்தகையவரின் சின்னஞ்சிறு மகள் 1966இல் ஆஸ்துமாவால் மூச்சுத் திணறி இறந்தாள். ஊருக்கெல்லாம் மூச்சுக் கொடுக்கும் வழி சொன்னவரின் வீட்டிலேயே ஒரு மூச்சு நின்றது!

அவர் ஒடுங்கிப் போகவில்லை. வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் இடையே இருக்கும் பள்ளத்தை நிரப்பப் புறப்பட்டார். 1967இல் ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் பணி தொடங்கிற்று. யாரைக் கொண்டு? ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற கறுப்பர் வாழும் பகுதியின் இளைஞர்களைக் கொண்டு! வேலையற்றோர், "இவர்கள் எந்த வேலைக்கும் ஆகாதவர்கள்" என்று முத்திரை குத்தப்பட்டோர், பள்ளிப் படிப்பையே முடிக்காத சிலர். இவர்களுக்கு 300 மணி நேரப் பயிற்சி தரப்பட்டது. மூச்சு வழி திறக்கக் கற்றார்கள். பை அழுத்தக் கற்றார்கள். குழாய் இறக்கக் கற்றார்கள். முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 5,800 அழைப்புகளுக்கு ஓடினார்கள். நகரத்தின் செல்வர் வாழும் பகுதியிலே போலீஸ் வண்டி வந்து கொண்டிருந்தபோது, கறுப்பர் வாழும் பகுதியிலே அமெரிக்காவிலேயே மிகச் சிறந்த அவசர மருத்துவம் வந்து கொண்டிருந்தது!

"பிறப்பால் தகுதி" என்று பேசுவோர் இதைக் கேட்கட்டும். "எங்கள் குலத்துக்கே அறிவு" என்று மார்தட்டுவோர் இதைப் படிக்கட்டும். தகுதி என்பது கருவிலே வருவதல்ல, கற்பித்தால் வருவது. தகுதி தகுதி என்று கூச்சலிட்டுக் கொண்டே கற்பிக்கும் கதவை மூடி வைப்பது ஆதிக்கக்காரர்களின் பழைய சூழ்ச்சி. அங்கே நிறம், இங்கே சாதி. பெயர் வேறு, பூட்டு ஒன்றே.

முடிவு என்னவாயிற்று? 1975இல் நகராட்சி தனக்கென்று ஒரு ஆம்புலன்ஸ் துறையைத் தொடங்கி, ஃப்ரீடம் ஹவுஸை மூடிவிட்டது. வழிகாட்டிய கறுப்புத் தோழர்கள் பலர் ஒதுக்கப்பட்டார்கள். அவர்களிடமிருந்து கற்ற முறைகள் மட்டும் நாடெங்கும் பரவின. உழைப்பை எடுத்துக் கொண்டு உழைத்தவனைத் தள்ளிவிடும் வித்தையை நாம் எங்கோ பார்த்திருக்கிறோம் அல்லவா?

இனி இன்னொரு காட்சி. அதே அமெரிக்காவின் மேற்குக் கரை, கலிபோர்னியா. தெருவிலே மூச்சுத் திணறும் குழந்தைக்கு எது நல்லது? வாயிலும் மூக்கிலும் முகமூடியைப் பொருத்திப் பையால் மூச்சுக் கொடுப்பதா? அல்லது தொண்டைக்குள்ளே கருவி விட்டு, மூச்சுக்குழலுக்குள் டியூப் இறக்கிக் காற்றுக் கொடுப்பதா? டியூப் போடுவது திறமையின் கொடி என்று கருதப்பட்டது. டியூப் போட்டவன் பெரிய ஆள். பை அழுத்துபவன் சின்ன ஆள் என்ற எண்ணம் மருத்துவத்துக்குள்ளும் இருந்தது. மரியேன் காஷே என்ற பெண் மருத்துவரும் அவர் குழுவினரும், "எண்ணம் இருக்கட்டும், எண்ணிக்கை என்ன சொல்கிறது பார்ப்போம்" என்று இறங்கினார்கள். பகுத்தறிவு என்பது இதுதான்!

லாஸ் ஏஞ்சலஸ், ஆரஞ்ச் ஆகிய இரு மாவட்டங்களில், 1994 முதல் 1997 தொடக்கம் வரை, 12 வயதுக்கு உட்பட்ட அல்லது 40 கிலோவுக்குக் குறைந்த 830 குழந்தைகள் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். நாள் முறை வைத்து, சில நாட்களில் பை மட்டும், சில நாட்களில் பையோடு டியூப் என்று பிரித்தார்கள். ஆய்வின் முடிவு 2000இல் வெளிவந்தது. பை மட்டும் பயன்படுத்திய பக்கம் பிழைத்தோர் நூற்றுக்கு 30. டியூப் பக்கம் நூற்றுக்கு 26. மூளை நலத்தோடு மீண்டோர் பை பக்கம் நூற்றுக்கு 23. டியூப் பக்கம் நூற்றுக்கு 20. இந்தச் சிறு வேறுபாடு தற்செயலாகவும் வரக்கூடியதே என்று ஆய்வாளர்களே நேர்மையாகச் சொன்னார்கள். ஆனால் ஒன்று தெளிவாயிற்று: டியூப்பினால் கூடுதல் உயிர் எதுவும் காக்கப்படவில்லை. டியூப் பக்கம் சம்பவ இடத்திலேயே கூடுதல் நேரமும் செலவாயிற்று.

ஏன்? குழந்தையின் குரல்வளை பெரியவர்களைவிட மேலே, முன்னே இருக்கிறது. மூச்சுக்குழல் குட்டை. டியூப் சற்று ஆழம் போனால் ஒரு பக்க நுரையீரலுக்கு மட்டும் காற்றுப் போகும். தலை சற்று அசைந்தால் டியூப் வெளியே நழுவும். வழி தவறி உணவுக்குழலுக்குள் போனால் வயிறு உப்பும், குழந்தை மடியும். வெளிவரும் மூச்சிலே கரியமில வாயு இருக்கிறதா என்று அளந்து காட்டும் கருவி இல்லாமல், டியூப் சரியான இடத்தில்தான் இருக்கிறது என்று ஓடும் வண்டியில் உறுதி சொல்வது கடினம். ஆம்புலன்ஸ் ஊழியருக்கு வரும் அழைப்புகளில் குழந்தைகள் சிறு பகுதி. அவர்களிலும் மூச்சு நிற்கும் நிலையில் இருப்போர் மிகச் சிலர். ஆண்டுக்கு ஒரு முறைகூடச் செய்ய வாய்க்காத வேலையிலே எந்தக் கைக்குத் தேர்ச்சி நிற்கும்? இது ஊழியர் குற்றமல்ல, கணக்கின் குற்றம்.

டியூப்பே வேண்டாம் என்பதல்ல நம் வாதம். அந்த ஆய்வு மருத்துவமனை அருகிலிருந்த நகரங்களில் நடந்தது. மலைக் கிராமத்திலிருந்து ஒரு மணி நேரம் வர வேண்டிய வண்டியின் நிலை வேறு. தேர்ந்த கையும் அளவுக் கருவியும் இருக்குமிடத்தில் டியூப் உயிர்காக்கும். தொண்டைக்கு மேலேயே அமர்ந்து காற்றை வழிப்படுத்தும் எளிய குழல்களும் வந்திருக்கின்றன. ஆனால் எல்லாவற்றுக்கும் அடித்தளம் பையும் முகமூடியும். அடித்தளம் இல்லாமல் கோபுரம் கட்ட முடியாது.

இங்கேதான் சிலர் குறுக்கே புகுந்து, "அப்படியானால் பை மட்டும் போதுமே! அதை அழுத்த என்ன பயிற்சி? யாரை வேண்டுமானாலும் குறைந்த சம்பளத்துக்கு ஏற்றி அனுப்பலாமே!" என்பார்கள். சிக்கனம் பேசும் சீமான்களுக்குச் சொல்கிறோம்: பை எளிய கருவிதான், அதைப் பிடிப்பது எளிய வேலை அல்ல! வயலின் கூட மரமும் நரம்பும்தான். எடுத்து வாசியுங்களேன் பார்ப்போம்!

முகமூடி மூக்குத் தண்டிலிருந்து தாடைக் குழி வரை பொருந்த வேண்டும். கண்ணில் ஏறினாலும் குற்றம், தாடையில் வழிந்தாலும் குற்றம். கட்டைவிரலும் சுட்டுவிரலும் முகமூடியை அழுத்த, மற்ற மூன்று விரல்கள் தாடை எலும்பைத் தூக்க வேண்டும். அந்த மூன்று விரல்கள் எலும்பை விட்டு அதற்கடியிலுள்ள சதையை அழுத்திவிட்டால் நாக்கு மேலேறி வழி அடைபடும். காப்பாற்ற வந்த கையே கழுத்தை நெரித்த கையாகும்! பையை முழுதும் கசக்கக் கூடாது. நெஞ்சு எழும் அளவுக்கு மட்டுமே அழுத்த வேண்டும். மிகுந்தால் காற்று வயிற்றுக்குள் போகும், வாந்தி வரும், வாந்தி நுரையீரலில் இறங்கும். "அழுத்து, விடு, விடு" என்று வாய்விட்டுச் சொல்லிக் கொண்டே, இரண்டு மூன்று நொடிக்கு ஒரு மூச்சு என்ற தாளத்தில் கொடுக்க வேண்டும். தாய் கதறும்போது, வண்டி குலுங்கும்போது, தன் நெஞ்சே படபடக்கும்போது, அந்தத் தாளம் தவறக்கூடாது. பதற்றத்தில் வேகமாக அழுத்துவதே மனித இயல்பு. அந்த இயல்பை வெல்வது பயிற்சி ஒன்றுதான்.

இன்னொன்றையும் தோழர்கள் கவனிக்க வேண்டும். இந்த வேலைக்கு நான்கு கைகள் வேண்டும். ஒருவர் இரு கைகளாலும் முகமூடியைப் பொருத்திப் பிடிக்க, மற்றவர் பையை அழுத்துவதே சிறந்த முறை. நம் வண்டியிலே இருப்பவர்களோ இருவர். வண்டி புறப்பட்ட அந்த நொடியிலே ஒருவர் ஓட்டுநர் இருக்கைக்குப் போய்விடுகிறார். நான்கு கைகள் இரண்டாகின்றன! "சீக்கிரம் போ, சீக்கிரம் போ" என்று நாம் எல்லோரும் கத்துகிறோம். உறவினர் கத்துகிறார்கள், கூட்டம் கத்துகிறது. நின்ற இடத்திலேயே இருவரும் சேர்ந்து இரண்டு நிமிடம் மூச்சுக் கொடுத்து, உதடு சிவந்தபின் புறப்பட்டிருந்தால் பிழைத்திருக்கக்கூடிய குழந்தை, நம் கூச்சலுக்குப் பயந்து பறந்த வண்டியிலே வழியில் மடியலாம். மருத்துவமனை என்ற கட்டிடம் குழந்தையைக் காப்பதில்லை. மூச்சு காக்கிறது. அந்த மூச்சு வண்டி நிற்கும் இடத்திலேயே தொடங்க வேண்டும்.

தமிழகத்திலே 108 வண்டி 2008ஆம் ஆண்டு செப்டம்பரில் ஓடத் தொடங்கியது. கலைஞர் முதலமைச்சர்; அறிஞர் அண்ணாவின் நூற்றாண்டு தொடங்கிய அதே மாதம். காசு கேட்காமல், சாதி கேட்காமல், குடிசைக்கும் மாளிகைக்கும் ஒரே எண் என்று வந்த அந்த வண்டி, சமத்துவத்தின் சக்கரம் பூண்ட வடிவம் என்றே நாம் கருதுகிறோம். பச்சிளங் குழந்தைகளுக்கென்றே தனி வண்டிகளும் பின்னர் வந்தன. இவை பெருமைக்குரியவை. ஆனால் பெருமை பேசிக் கொண்டு இருந்துவிடுவது கழகத்தின் இயல்பு அல்ல. வண்டி தந்தோம், வண்டிக்குள் இருக்கும் கைக்கு வலிமை தந்தோமா என்று நம்மை நாமே கேட்டுக் கொள்ள வேண்டும். ஆட்சி யாருடையதாயினும் கேட்கும் உரிமையும் கடமையும் நமக்கு உண்டு.

ஆகவே கேட்கிறோம்.

ஒன்று: ஒவ்வொரு ஆம்புலன்ஸ் ஊழியருக்கும், ஓட்டுநர் உள்பட, குழந்தை பொம்மையின் மேல் பையும் முகமூடியும் பிடிக்கும் பயிற்சி சில மாதங்களுக்கு ஒரு முறை திரும்பத் திரும்பத் தரப்பட வேண்டும். வேலையில் சேர்ந்த அன்று ஒரு முறை காட்டிவிட்டு, சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டுவது பயிற்சி ஆகாது. பயிற்சி நேரம் சம்பள நேரமாக இருக்க வேண்டும்.

இரண்டு: பச்சைக் குழந்தை முதல் பள்ளிப் பிள்ளை வரை எல்லா அளவு முகமூடியும், சிறு பையும், சளி உறிஞ்சும் கருவியும் ஒவ்வொரு வண்டியிலும் இருக்க வேண்டும். பணி தொடங்கும் போதெல்லாம் அவற்றைத் தொட்டுப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். பெரியவர் முகமூடியைக் கைக்குழந்தை முகத்தில் கவிழ்ப்பது, தகப்பன் செருப்பை மகனுக்குப் போடுவது போன்றது; செருப்பு தவறினால் கால் இடறும், முகமூடி தவறினால் உயிர் இடறும்.

மூன்று: "குழந்தை மூச்சு விடவில்லை" என்ற அழைப்பு வந்தால், மூன்றாவது கை கிடைக்க வழி செய்ய வேண்டும். அருகிலுள்ள இன்னொரு வண்டியோ, ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரோ சேர்ந்துகொள்ள ஏற்பாடு வேண்டும். வண்டி வரும்வரை என்ன செய்வது என்று அழைப்பை எடுப்பவர் தொலைபேசியிலேயே தாய்க்கு வழி சொல்ல வேண்டும்.

நான்கு: உறக்கம் இழந்த விரலுக்குத் தாளம் தெரியாது. நீண்ட நேரப் பணியால் கண் எரியும் தோழனிடம் பிஞ்சு உயிரை ஒப்படைப்பது அவனுக்கும் கொடுமை, குழந்தைக்கும் கொடுமை. பணி நேரம் மனித நேரமாக வேண்டும். சம்பளம் குடும்பம் நடத்தும் சம்பளமாக வேண்டும்.

ஐந்து: 2021இல் நாடாளுமன்றம் இயற்றிய துணைநிலை மருத்துவத் தொழிலர் ஆணையச் சட்டம், அவசர மருத்துவத் தொழில்நுட்பரையும் ஒரு தொழிலராகப் பெயர் சொல்லி ஏற்றுக் கொண்டிருக்கிறது. ஏட்டிலே ஏற்ற மதிப்பு வண்டியிலே வர வேண்டும். குழந்தையைக் கொண்டு வந்து சேர்த்த ஊழியரை மருத்துவமனை வாசலிலே "ஓரமாக நில்" என்று சொல்வதை நிறுத்தி, "வழியில் என்ன பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள்?" என்று கேட்கும் வழக்கம் வர வேண்டும். பிறகு அந்தக் குழந்தை பிழைத்ததா என்றும் அவருக்குச் சொல்ல வேண்டும். தன் கை சரியாகச் செய்ததா என்று அறியாத தொழிலாளி, தன் தொழிலில் வளர்வது எப்படி?

அரசிடம் மட்டும் கேட்டு நிறுத்திக் கொள்ள மாட்டோம். நம்மிடமும் கேட்டுக் கொள்கிறோம். ஒவ்வொரு கிளைக் கழகமும், ஒவ்வொரு தொழிற்சங்கமும், படிப்பகத்திலே ஒரு மாலை இதற்கென ஒதுக்கட்டும். மூச்சு அடைத்த ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து முறை தட்டி, திருப்பி மார்பில் ஐந்து முறை அழுத்துவது எப்படி என்று தகுந்தவரை அழைத்துக் கற்கட்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளே போகும் என்பதைத் தாய்மார் அறியட்டும். வலிப்பு வந்த பிள்ளையின் வாயில் எதையும் திணிக்காமல், ஒருக்களித்துப் படுக்க வைக்கும் பழக்கம் ஊர் வழக்கமாகட்டும்.

இன்னொரு வேண்டுகோள், நம் தோழர்களுக்கே. நம் ஊர்வலம் பெரிது. நம் கூட்டம் பெரிது. நம் கொடி பெரிது. ஆனால் அந்தச் சங்கொலி கேட்டால், ஊர்வலம் இரண்டாகப் பிளந்து வழிவிட வேண்டும். தலைவர் பேசிக் கொண்டிருந்தாலும் வழிவிட வேண்டும். அந்த வண்டிக்குள்ளே பை அழுத்திக் கொண்டிருப்பவன் நம் தோழன். கிடப்பது நம் குழந்தை. அவன் ஒரு நொடி இழந்தால், நாம் ஆயிரம் முழக்கமிட்டும் அந்த நொடியை மீட்டுத் தர முடியாது.

மீண்டும் அந்த நள்ளிரவு வண்டிக்கு வருவோம். ஊழியர் பதறவில்லை. வண்டியை நிறுத்தச் சொல்கிறார். ஓட்டுநர் பின்னே வருகிறார். தோளுக்கடியில் துண்டு. அளவான முகமூடி. ஒருவர் பிடிக்க, ஒருவர் அழுத்துகிறார். அழுத்து, விடு, விடு. நெஞ்சு எழுகிறது. மறுபடி எழுகிறது. நீலம் கலைந்து உதட்டிலே சிவப்புப் படர்கிறது. குழந்தை வீறிட்டு அழுகிறது.

மூச்சு விடும் குழந்தைதானே அழ முடியும்! அந்த அழுகுரல் ஒவ்வொரு வண்டியிலும் கேட்க வேண்டும். அதைக் கேட்கச் செய்யும் ஆற்றல் அந்தப் பாட்டாளியின் கையில் இருக்கிறது. அந்தக் கைக்குக் கல்வி கொடு, கருவி கொடு, ஓய்வு கொடு, மதிப்புக் கொடு என்று கேட்கும் ஆற்றல் நம் குரலில் இருக்கிறது. குரல் கொடுப்போம்!